உள்ளே யார் யார்?

பீளமேட்டில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'டைம் ஆபீஸ்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மில் கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் டைம் கீப்பர். பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்த பலகை. பல மில்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் இருந்தது. உள்ளே போகும்போது ஆணியில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

பலகையை ஒரு பார்வை பார்த்தால் போதும், இந்த நிமிஷம் மில்லுக்குள் யார் யார் என்று தெரிந்துவிடும். பஞ்சு இருக்கிற இடம். ஒரு பொறி பறந்தால் தீ. அப்போது வெளியே நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம், உள்ளே எத்தனை பேர் என்பதுதான். சாயங்காலம் பலகை காலியாகிவிடும். ஆனால் அதற்குள் டைம் கீப்பர் எல்லாவற்றையும் மஸ்டர் ரோலில் ஏற்றியிருப்பார். அந்த நோட்டு காலியாகாது. கூலிக் கணக்கு அதிலிருந்துதான். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே தொழிலாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றது.

ஆக, இரண்டு சமாசாரம். பலகை, 'இப்போது உள்ளே யார்' என்று சொல்லும். நோட்டு, 'இதுவரை யார் யார் வந்து போனார்கள்' என்று சொல்லும். இரண்டையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும். பலகை டோக்கனைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஒருவர் டோக்கனை இன்னொருவர் மாட்டினால் பலகைக்கு என்ன தெரியும்?

இதே பலகையையும் நோட்டையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோன கதைதான் இந்த வாரம்.

முதலில், கம்ப்யூட்டருக்கு டைம் ஆபீஸ் எதற்கு? 1950-களில் தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒரே வேலை. அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்கு மறுநாள் வரவேண்டும். மனிதர்கள் காத்திருந்தார்கள், மெஷின் காத்திருக்கவில்லை. விலை அப்படி!

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவர் சகாக்களும் வேறு மாதிரி செய்து காட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர், ஆளுக்கொரு டைப்ரைட்டரில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பயன்படுத்துவது. மெஷின் ஆளுக்குக் கொஞ்சம் நேரம் என்று சுற்றிச் சுற்றி வரும். அது கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் ஒவ்வொருவரும் மெஷின் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்வார். டைம் ஷேரிங் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. ஒரு கிணறு, நாலு பங்காளி, முறைத் தண்ணீர்!

முறைத் தண்ணீர் என்று வந்துவிட்டால் கணக்கும் வரும், சண்டையும் வரும். எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். போதவில்லை. மனுஷர் என்ன செய்தார்? 1962-ல், எல்லாருடைய பாஸ்வேர்டும் இருக்கிற ஃபைலையே அச்சடித்துத் தரும்படி மெஷினுக்கு ஒரு அட்டையில் கோரிக்கை வைத்தார். மெஷின் தந்துவிட்டது! அதன் பிறகு மற்றவர்கள் பெயரில் நுழைந்து வேலை பார்த்தார். அடுத்தவர் டோக்கனை மாட்டுவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

பலகையை ஒழுங்காக மாட்டியவர்கள் பெல் லேப்ஸ்காரர்கள். நியூஜெர்சியில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் முன்னின்று உருவாக்கிய யூனிக்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றுக்கும் அதுதான் பூர்வீகம். அதற்கு அவர்கள் எழுதிய முதல் கையேட்டில் போட்டிருக்கும் தேதி 1971 நவம்பர் 3. அகர வரிசையில் கட்டளைகள். கடைசிக்கு முந்தையது 'ஹூ'. தமிழில் சொன்னால், 'யார்?'

இந்தக் கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் கையேடு என்றால் தலையணை மாதிரி இருக்கும், படித்தால் தூக்கமும் வரும் என்று இருந்த காலம். இவர்கள் கட்டளைக்கு ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று எழுதினார்கள். பெயர், எப்படி அடிக்க வேண்டும், என்ன செய்யும், எந்த ஃபைலைத் தொடும்... கூடவே 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு! தாங்கள் செய்த பொருளில் என்ன கோளாறு இருக்கிறது என்று செய்தவர்களே அச்சடித்துக் கொடுப்பது. நம் ஊரில் எந்த மோட்டார் பம்புக்கோ கிரைண்டருக்கோ அப்படி ஒரு கையேடு வந்து நான் பார்த்ததில்லை.

'ஹூ' என்று அடித்தால் என்ன கிடைக்கும்? அந்த நேரத்தில் உள்ளே இருப்பவரின் பெயர், எந்த டைப்ரைட்டரில் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை மணிக்கு நுழைந்தார். ஆளுக்கு ஒரு வரி. நமது டைம் ஆபீஸ் பலகையேதான். அது படிக்கும் ஃபைலின் பெயர் 'யுடிஎம்பி'. நீங்கள் நுழைந்தால் அதில் ஒரு வரி ஏறும், வெளியேறினால் அழியும். பக்கத்திலேயே 'டபிள்யுடிஎம்பி' என்று இன்னொன்று. அதில் எதுவும் அழியாது. வந்தது, போனது எல்லாம் அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போகும். மஸ்டர் ரோல்! யார் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று கூட்டிப் பார்த்துக் கணக்கு எழுதுவதற்காக வைத்தது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி சந்தோஷம். போலீஸ் வேலைக்காகப் பிறந்த ஃபைல் இல்லை சார், கணக்குப்பிள்ளை வேலைக்காகப் பிறந்தது. இன்னும் ஒரு வேடிக்கை, அந்த ஃபைல் அங்கே இல்லையென்றால் யூனிக்ஸ் தானாக அதை உருவாக்காது. நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டால் கணக்கு எழுதுவதே நின்றுவிடும். அவ்வளவு நம்பிக்கை அடுத்தவர் மேல்.

1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு குறும்பு. 'ஹூ ஆம் ஐ' என்று அடித்தால், நீங்கள் எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரியில் பதில் வரும். 1902 வாக்கில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் ரமணரிடம் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்ததுதான் 'நான் யார்?' என்ற சிறு நூல். அங்கே அந்தக் கேள்விக்கு ஆயுள் முழுக்க விசாரணை. இங்கே என்டர் தட்டினால் போதும். ஆனால் யூனிக்ஸ் சொல்வதும் பெயரைத்தான், 'நான்' யார் என்பதை அல்ல. ரமணர் சிரித்திருப்பார்.

இது எல்லாம் பீளமேட்டுக்கு எப்படி வந்தது? மில்களுக்குப் பக்கத்திலேயே கல்லூரிகள் முளைத்த ஊர் இது. அவிநாசி சாலையில் 1951-ல் பி.எஸ்.ஜி. டெக், 1956-ல் சி.ஐ.டி. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு எஞ்சினீயரிங் கல்லூரி லேப்களில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். ஒரு மூலையில் யூனிக்ஸ் ஓடும் சர்வர். அதிலிருந்து கேபிள் இழுத்து வரிசையாக டெர்மினல்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஏ.சி. குளிர், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். அந்த லேபில் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கட்டளைகளில் ஒன்று 'ஹூ'. பாடத்துக்காகவா? அட, போங்க! எந்த டெர்மினலில் யார் என்று தெரிந்தால்தானே 'ரைட்' என்ற கட்டளையால் அவர் திரையில் இரண்டு வரி கிறுக்கிவிட்டு அப்பாவியாய் உட்கார்ந்திருக்கலாம்! தொல்லை தாங்காதவர்கள் 'மெஸ்ஜ்' என்ற கட்டளையால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்த இரண்டும்கூட 1971 கையேட்டிலேயே இருப்பவைதான். பெல் லேப்ஸிலும் இதே கூத்து நடந்திருக்கும்போல.

இந்தப் பட்டியலுக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி உண்டு. அவர் கதை இன்னும் ருசி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டு செயற்கை அறிவுக் கூடம். அங்கேயும் 'ஹூ' என்று ஒரு புரோகிராம் இருந்தது. லெஸ் எர்னஸ்ட் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஆட்கள் அந்தப் பட்டியலைத் திரையில் வரவழைத்து, விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே தங்களுக்கு வேண்டியவரைத் தேடுகிறார்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய பட்டியலில் நாம் பெயர் தேடுவோமே, அப்படி. 1971 வாக்கில் அவர் ஒரு புரோகிராம் எழுதி அதற்கு 'ஃபிங்கர்' என்றே பெயர் வைத்தார். விரல்! முழுப் பெயர், கடைசியாக எப்போது வந்தார், கடைசியாக விசையைத் தட்டி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எல்லாம் சொல்லும். 'எங்கே போய்விட்டீர்கள்' என்று கேட்பவர்களுக்குப் பதிலாக ஒரு குறிப்பும் எழுதி வைக்கலாம். 'பிளான்' என்று அதற்குப் பெயர். நெட்வொர்க் வந்ததும் வேறு ஊர் மெஷினில் இருப்பவரையும் 'விரல் விட்டு' பார்க்கலாம் என்று ஆயிற்று. 1977-ல் அதற்கு ஒரு பொது விதிமுறையும் எழுதினார்கள். பின்னால், 'டூம்', 'குவேக்' விளையாட்டுகளை உருவாக்கிய ஜான் கார்மாக் தன் பிளான் ஃபைலில் தினம் என்ன வேலை பார்த்தேன் என்று எழுதப்போக, அதைப் படிக்க உலகம் முழுக்க ரசிகர்கள்.

கடைசியாக எப்போது வந்தார்... இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் எத்தனை வீட்டில் சண்டை மூட்டிவிட்ட அந்த 'லாஸ்ட் சீன்' இதே விஷயம்தான்! பன்னிரண்டே முக்காலுக்கு யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்ற கேள்வி தாங்காமல், 2014-ல் வாட்ஸ்அப் அதை மறைத்துக்கொள்ள வழி செய்தது. ஸ்டான்ஃபோர்டில் நாலு சிநேகிதர்களுக்குள் வசதியாக இருந்த ஒன்று, ஊர் முழுக்கப் பார்க்க முடியும் என்றானதும் வேவு ஆகிவிட்டது.

சரி, நம்பிக்கை உடைந்த இடத்துக்கு வருவோம். 1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃப் ஸ்டோல் என்ற வானியல்காரர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளப்பட்டவர். அவருக்குக் கொடுத்த முதல் வேலை, கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, ஏனென்று பார். அங்கே கம்ப்யூட்டர் நேரத்துக்குப் பில் போட இரண்டு தனித்தனிக் கணக்குகள். இரண்டும் டாலி ஆக வேண்டும். ஆகவில்லை. முக்கால் டாலர்! வேறு யாராக இருந்தாலும் 'ரவுண்டிங் ஆஃப்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஒழுங்கான கணக்குப்பிள்ளைக்கு 75 ரூபாய் இடிப்பதும் 75 பைசா இடிப்பதும் ஒன்றுதான். ஸ்டோல் தோண்டினார். 'ஹண்டர்' என்று ஒரு பெயர், பில் அனுப்ப விலாசம் இல்லாமல். அதை நீக்கினார். அப்புறம் ஆய்வுக்கூடத்தின் பழைய ஊழியர் ஒருவர் பெயரில் யாரோ நுழைவது தெரிந்தது. அந்த ஊழியரோ இங்கிலாந்துக்குப் போய்விட்டவர். டோக்கன் ஆணியில் தொங்குகிறது, ஆள் கடல் தாண்டி இருக்கிறார்!

வந்தவன் கெட்டிக்காரன். நுழைந்ததும் முதல் காரியமாக, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பான். மெஷினைக் கவனிக்கும் ஆள் யாராவது இருந்தால் நழுவிவிடுவான். காவலாளிக்காக வைத்த பலகையைத் திருடன் பார்த்துக்கொண்டிருந்தான். இதைப் புரிந்துகொண்ட ஸ்டோல், மெஷினுக்குள் எதையும் எழுதி வைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரின்டர்களைக் கோத்துவிட்டார். அவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில். அவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

ஒரு துப்பு மட்டும் சொல்கிறேன். எந்தெந்த வேலை ஓடுகிறது என்று பார்க்க 'பிஎஸ்' என்ற கட்டளை உண்டு. அதை வந்தவன் அடிக்கும்போது கூடவே ஒரு எழுத்தைச் சேர்த்து அடித்தான். பெல் லேப்ஸ் வழி யூனிக்ஸில்தான் அந்த எழுத்துக்கு வேலை. கலிஃபோர்னியாவில் புழங்கிய பெர்க்லி யூனிக்ஸில் அது தேவையே இல்லை. ஆக, பயல் உள்ளூர்க்காரன் இல்லை! சென்னையில் எவ்வளவு வருஷம் குப்பை கொட்டினாலும், வாய் தவறி ஒரு 'ஏனுங்க' வந்துவிட்டால் கோயமுத்தூர்க்காரன் என்று தெரிந்துவிடுகிற மாதிரி. கடைசியில் தடயம் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் போய் நின்றது. மார்க்கஸ் ஹெஸ் என்ற இளைஞர், அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களைத் துழாவி, கிடைத்ததைக் கூட்டாளிகளோடு சேர்ந்து சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு விற்றுக்கொண்டிருந்தார். 1990-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். 75 சென்டில் ஆரம்பித்த விவகாரம்.

இரண்டு வருஷம் கழித்து ஃபிங்கரின் முறை. 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ் எழுதிய ஒரு புழு புரோகிராம் இன்டர்நெட்டில் பரவியது. மெஷினுக்கு மெஷின் தாவ அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, வெளியூர்க்காரர்களின் 'விரலுக்கு'ப் பதில் சொல்லக் காத்திருக்கும் ஃபிங்கர் சேவை. அதில் கேள்வியை வாங்கிவைக்க 512 எழுத்து அளவுக்குத்தான் இடம். புழு 536 அனுப்பியது. படிக்கு மேல் கொட்டினால் தரையில் சிந்தும் அல்லவா? சிந்திய இடத்தில் மெஷினுக்கான கட்டளைகள் முளைத்தன. சுமார் 6,000 மெஷின்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். மாரிஸுக்கு 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். ஒவ்வொரு ஊராக ஃபிங்கர் சேவையை மூட ஆரம்பித்தார்கள். உள்ளே யார் என்று தெருவில் போகிறவருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?

நம் ஊருக்கு இந்தப் பயம் பிரவுசிங் சென்டர் ரூபத்தில் வந்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 1998-க்கு அப்புறம் தனியாரும் வந்தார்கள். பீளமேடு மாதிரி கல்லூரிகள் நிறைந்த ஏரியாவில் கேட்க வேண்டுமா? டேபிளில் கயிறு கட்டிய பேனா, ஒரு நீள நோட்டு. பெயர், சிஸ்டம் நம்பர், இன் டைம், அவுட் டைம், கையெழுத்து. ஹூ கட்டளை காட்டுகிற அதே கட்டங்கள்! தினமும் அந்த நோட்டில் ரஜினியும் கமலும் வந்து போனார்கள் என்பது வேறு விஷயம்.

சிரிக்கலாம்தான். ஆனால் 2004-ல் சென்னையில் ஒரு பெண்ணை இணையத்தில் கேவலப்படுத்தி எழுதிய வழக்கில், பிரவுசிங் சென்டர் உரிமையாளர்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். புகார் கொடுத்தது பிப்ரவரியில், தீர்ப்பு நவம்பர் 5-ம் தேதி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ம் பிரிவில் தண்டனை விழுந்த முதல் வழக்கு என்று சொல்லப்படுவது அதுதான். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததில், எந்த சிஸ்டத்தில் எப்போது யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்ல ஆட்கள் இருந்ததற்கும் பங்கு உண்டு. 2011-ல் மத்திய அரசு, அடையாள அட்டை பார்க்காமல் யாரையும் உட்காரவைக்கக்கூடாது, பதிவேட்டை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாட்கள் பத்திரப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கணக்குப்பிள்ளை நோட்டு, போலீஸ் நோட்டாக மாறிய கதை இவ்வளவுதான்.

நடுவில் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. பலகை நம் பக்கம் திரும்பியது. 2008-ல் ஜிமெயில், உங்கள் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று உங்களுக்கே காட்ட ஆரம்பித்தது. இன்று வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்று பார்த்தால் அதுவும் 'ஹூ' கட்டளையேதான். வித்தியாசம் என்னவென்றால், அன்றைய பட்டியலில் ஒரு மெஷினுக்குள் பல மனிதர்கள். இன்றைய பட்டியலில் ஒரே மனிதர், பல மெஷின்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயர்தான் இருக்கும். நீங்கள் போகாத ஊரிலும் உங்கள் பெயரே இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

பழைய யுடிஎம்பி பலகை என்ன ஆயிற்று என்கிறீர்களா? லினக்ஸில் ஐம்பது வருஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எமன் திருடன் ரூபத்தில் வரவில்லை, காலண்டர் ரூபத்தில் வருகிறான். அதில் நேரத்தை எழுதும் கட்டம் சின்னது. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்று 32 பிட்டுகளில் எழுதுவார்கள். 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடியோடு அந்தக் கட்டம் நிரம்பிவிடும். அடுத்த விநாடி தேதி 1901 டிசம்பருக்குத் தாவும். ஃபைலின் கட்டத்தைப் பெரிதாக்கினால் அதை நம்பியிருக்கும் பழைய புரோகிராம்கள் எல்லாம் உளறும். அதனால் சூஸே நிறுவனத்து எஞ்சினீயர்கள் 2023 வாக்கில், பலகையையே கழற்றிவிடலாம் என்று வேலையை ஆரம்பித்தார்கள். யார் உள்ளே என்ற கணக்கை இப்போது 'சிஸ்டம்டி' என்ற நிர்வாகி புரோகிராம் தானே வைத்துக்கொள்கிறது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல், பழைய மஸ்டர் ரோலைப் படித்துக்காட்டும் 'லாஸ்ட்' கட்டளை வழக்கமான இடத்தில் இல்லை. வேண்டுமானால் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

'ஹூ' மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து படிக்கிறது என்பதை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். கறுப்புத் திரையில் அந்த மூன்று எழுத்தை அடித்துப் பாருங்கள். பெயர், எந்த டெர்மினல், எத்தனை மணி. 1971 கையேட்டில் போட்டிருந்த அதே வரிசையில் வரும்.